சார்ஜனின் கோணி

தப்பை முதலில் செய்தவன் ஜெயபாலன். என் மனைவி செல்லாயியின் கூடப் பிறந்த தம்பி. இதைச் சொல்லிவிட்டுத்தான் நாயைப் பற்றிச் சொல்வேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் மூத்த மகள் கௌசிகாவுக்குக் கல்யாணம். வெற்றிலைத் தட்டில் வைத்து, "வந்து நடத்திக் கொடுங்க மாமா" என்று கையில் தர வேண்டிய பத்திரிகையை, கேட்டில் தொங்கும் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். தண்ணீர் பில்லோடு சேர்ந்து கிடந்தது.

செல்லாயி அதற்கு முந்தைய வருஷம்தான் இறந்திருந்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அக்கா போனால் அக்கா வீட்டு வாசலும் மறந்துவிடுமா?

நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆள் விட்டுக் கேட்டேன்.

"மாமா வீட்டு நாய் உள்ள விட்டாத்தானே லா?" என்றானாம்.

பழியைத் தூக்கி நாய் மேல் போட்டுவிட்டான்.

சார்ஜன் அழகுக்கு வளர்த்த நாய் இல்லை. நான் எஸ்டேட்டில் ஜாகாவாகக் காவல் பார்த்தபோது கூடவே வேலை பார்த்தது. ரப்பரை வெட்டிவிட்டு நட்ட செம்பனைக் கன்றுகளைத் தின்ன வரும் காட்டுப்பன்றிகளை விரட்டும். எஸ்டேட்டை விற்ற பிறகு செமோரில் இந்தத் தாமான் வரிசை வீடு. பத்தடி வாசல். தபால்காரர் வந்தாலும் அதற்குக் காட்டுப்பன்றிதான்.

இந்த வருஷம் சின்னவள் அனுஜாவுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது என்று கோயிலில் காதில் விழுந்தது. இந்தத் தடவை ஜெயபாலனுக்குச் சாக்கு இருக்கக் கூடாது.

பக்கத்து வீட்டுக் கலாதேவி ஈப்போவில் மிருக வைத்தியரிடம் வேலை செய்பவள். அவளிடம் கேட்டேன்.

"அது கத்தினா நீங்க என்னண்ணே செய்வீங்க?"

"கத்தாதேன்னு கத்துவேன்."

"அப்ப அது என்ன நினைக்கும்? அண்ணனும் நம்மளோட சேர்ந்து கத்துறாருன்னு நினைக்கும்."

"வேற என்ன செய்ய?"

"வேலை செஞ்ச நாய்ண்ணே. பென்சன் குடுத்துச் சும்மா உட்கார வச்சா பைத்தியம் பிடிச்சிடும்."

"எனக்குப் பிடிக்கலையே?"

அவள் சிரித்தாள்.

அவள் சொன்னபடி செய்தேன். காலையில் பழைய ஈயச் சுரங்கக் குட்டை வரைக்கும் நடை. போகிற வழியெல்லாம் அது மோப்பம் பிடிக்க விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் வாசலில் ஒரு கோணி விரிப்பு. தானாகப் படுத்துத் தாடையைக் கீழே வைத்தால், பேசாமல் முன்காலுக்கு நடுவில் ஒரு பிஸ்கட் துண்டு. எழுந்தால் ஒன்றும் கிடையாது. திட்டும் கிடையாது. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

முதல் நாள் கோணியைக் கிழித்தது. இரண்டாவது வாரம் பத்து எண்ணும் வரை படுத்தது. பிறகு கலாதேவி வெளியே நின்று கேட்டை ஆட்டுவாள். "அண்ணே, அண்ணே" என்று சத்தம் போடுவாள். நான் "போ" என்று சொல்லும் வரை அது எழக் கூடாது.

மூன்று மாதம் ஆனது. ஒரு நாள் அவள் கேட்டை உலுக்கு உலுக்கு என்று உலுக்கினாள். சார்ஜன் ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"பாஸ் பண்ணிடுச்சுண்ணே!"

அன்றிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. அது குரைத்தபோதாவது திட்ட எனக்கு ஒரு வேலை இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயபாலன் பத்திரிகை வைக்க வருவான் என்று கோயிலில் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். இரண்டு கிளாஸ் தேநீர் கலந்து வைத்தேன்.

பத்து மணிக்குக் கார் வந்தது. தனியாக இறங்கினான். கையில் தட்டு. தலை நன்றாக நரைத்துவிட்டது.

நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். வந்தவன்தானே கூப்பிட வேண்டும்? "மாமா" என்று ஒரு வார்த்தை. கதவுப் பிடியில் கை வைத்துத் தயாராக இருந்தேன்.

சார்ஜன் அசையவில்லை. அவன் நாயைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். கேட் கொண்டி வரை கையைக் கொண்டுபோனான். எடுத்துக்கொண்டான். பக்கத்து வீட்டுப் பக்கம் போனான். பிறகு கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் கலாதேவி தட்டோடு வந்தாள்.

"எந்திரிச்சிட்டீங்களாண்ணே? உங்க மச்சான் வந்திருந்தாரு."

"வந்தவன் கூப்பிட வேண்டியதுதானே?"

"நாயே இப்படி அடங்கிப் படுத்திருக்கு, மாமா நல்லா அசந்து தூங்குறாரு போலன்னாரு. அக்கா போனதிலேருந்து நீங்க தூங்கறதே இல்லையாம். எழுப்ப மனசு வரலைன்னு தட்டை என்கிட்ட குடுத்தாரு. சாயந்தரம் போன் பண்ணுறேன்னாரு."

நான் தட்டை வாங்கவில்லை. அவளே மேசை மேல் வைத்துவிட்டுத் தேநீரைப் பார்த்தாள். இரண்டு கிளாஸ்.

"சார்ஜனுக்குப் 'போ' சொல்லுங்கண்ணே. எவ்வளவு நேரமா உங்களையே பார்த்துக்கிட்டுக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயந்தரம் போன் அடித்தது. கல்யாணத்துக்குப் போனில் அழைப்பதா? எடுக்கவில்லை.

போன தடவையும் நான் இதே திரைக்குப் பின்னால்தான் நின்றேன். சார்ஜன் அரை மணி நேரம் கேட்டில் மோதிக் குரைத்தது. ஜெயபாலன் வெயிலில் நின்றான். அவன் வாய் அசைந்தது என்னவோ உண்மை, நாலைந்து தடவை. ஆனால் குரைப்பில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கேட்காததை எப்படிக் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்வது? அந்த ஒரு "மாமா" அவன் எனக்கு இன்னும் பாக்கி.