அக்காவின் பன்னிரண்டாவது ஃபேடர்

“பன்னெண்டாவது ஃபேடரை மட்டும் எதோடயும் இணைச்சுடாதீங்கம்மா. வெறுமனே இருக்கட்டும்” என்றார் ஆபரேட்டர்.

அந்த வானொலி நிலையத்தின் பழைய மிக்ஸரைக் கழற்றிவிட்டுப் புது டிஜிட்டல் மிக்ஸரை வைக்க வந்திருந்தேன். அதன் கண்ட்ரோல் மாட்யூலில், மேலும் கீழும் தள்ளுகிற பன்னிரண்டு ஃபேடர்கள். எந்த ஃபேடர் எந்தச் சத்தத்தை ஏற்றி இறக்க வேண்டும் என்று லேப்டாப் வழியாக ஒவ்வொன்றுக்கும் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை.

“வெறுமனே எதுக்கு சார் ஒண்ணு?” பின்னாலிருந்து கேட்டேன்.

பதில் இல்லை. கழற்றி ஓரமாக வைத்த பழைய மிக்ஸரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தூக்கிப் போடப் போகிற பெட்டிக்கு என்ன துடைப்பு வேண்டிக்கிடக்கிறது? கொஞ்சம் தலைக்கனம் பிடித்த ஆள் என்று நினைத்துக்கொண்டு, முன்னால் போய் நின்று மறுபடி கேட்டேன்.

“அது அக்காவோடது” என்று சிரித்தார்.

பழைய மிக்ஸரின் கடைசி ஃபேடருக்குக் கீழே, பழுப்பேறிய பிளாஸ்திரி ஒன்றில் ‘அக்கா’ என்று எழுதியிருந்தது.

“இந்த மேஜைல அறிவிப்பாளர் அக்கா அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. இருபத்திரெண்டு வருஷம். வந்த புதுசுல, தன் குரல் எடுபடலைன்னு பாதி நிகழ்ச்சில கையை நீட்டி எல்லாத்தையும் ஏத்தி விட்டுடுவாங்க. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு நாள் கடைசி ஃபேடரோட ஒயரை வெட்டிட்டு, ‘இது உங்களுக்கே உங்களுக்கு’ன்னு பேர் எழுதி ஒட்டிட்டேன். அவங்க அதை ஏத்துவாங்க. நான் பார்த்துட்டு இங்க அவங்க மைக்கோட நிஜ ஃபேடரைக் கொஞ்சம் ஏத்துவேன். அன்னைலேர்ந்து நிம்மதி.”

“அவங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா சும்மா விடுவாங்களா?”

எனக்குச் சுருக்கென்றது. அக்கா எனக்கு யாரோ இல்லை. பள்ளி நாட்களில் எங்கள் வீட்டுக் கடிகாரமே அந்தக் குரல்தான். ‘நேரம் ஏழு முப்பது’ என்று அவர் சொன்னால் அப்பா சவரத்தை முடித்தாக வேண்டும். ஏழு நாற்பதுக்குள் அம்மா என் இரண்டாவது ஜடையைப் பின்னி முடிக்க வேண்டும். முடியாவிட்டால் திட்டு எனக்கில்லை, ரேடியோவுக்கு. “இவளுக்கு அப்படி என்ன அவசரம்?” என்பார் அம்மா.

இப்போது அப்பாவும் இல்லை, அந்த வீடும் இல்லை. அந்தக் குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்குச் சொந்தக்காரியின் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, இருபத்திரண்டு வருஷம் விளையாட்டுக் காட்டியிருக்கிறார் இந்த மனிதர்.

அவர் அந்தப் பக்கம் போனதும், பன்னிரண்டாவதை அக்காவின் மைக்கோடு நிஜமாகவே இணைத்தேன். மேலே இருந்த சின்னத் திரையில் ‘அக்கா’ என்று பெயரும் அடித்தேன். இனி அவர் குரல் அவர் கையில்.

மதியம் ஒத்திகைக்கு அக்கா வந்தார். அத்தனை பெரிய குரலுக்கு ஆள் இவ்வளவு சின்னதாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. திரையில் தன் பெயரைப் பார்த்ததும், “பரவாயில்லையே, புதுசுலயும் எனக்கு இடம் போட்டாச்சா?” என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

பாட்டு ஓடியது. அதன் மேலேயே அக்கா பேச ஆரம்பித்தார். பாட்டு பேச்சை அமுக்கியது. ஆபரேட்டர் அசையவில்லை. அவர் கண் அக்காவின் கையிலேயே இருந்தது. அக்கா தன் ஃபேடரை ஏற்றினார். உடனே ஆபரேட்டரும் ஏற்றினார்.

இரண்டும் சேர்ந்ததில் குரல் கரகரவென்று வெடித்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். அக்கா ஹெட்போனைப் பிடுங்கிக் கழற்றினார். எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஆபரேட்டர் பதறினார்.

“ஒண்ணுமில்லை” என்று தலையாட்டிய அக்கா, டீ குடித்துவிட்டு வரும்படி அவருக்குச் சைகை காட்டினார். அவர் எழுந்து போனார். கதவு மூடியது.

“பன்னெண்டை நிஜமாவே இணைச்சுட்டியாம்மா?”

“ஆமாக்கா. இத்தனை வருஷமா அவர் உங்களை ஏமாத்தி...”

“ஒயரை வெட்டின மறுநாளே எனக்குத் தெரியும். என் குரல் ஏறுதா இல்லையான்னு எனக்குத் தெரியாதா? இளவட்டக் கோபம். ஒரு மாசம் அவர்கூடப் பேசவே இல்லை.”

“அப்புறமும் ஏன்க்கா அதைத் தள்ளிட்டே இருந்தீங்க?”

அக்கா கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். ரேடியோவில் நான் கேட்டே இராத குரல் அது.

“பழையபடி வெட்டி விட்டுடும்மா. அவருக்குக் காது மந்தமாகி ஆறு வருஷம் ஆச்சு. என் கையைப் பார்த்துத்தான் ஏத்துறார், இறக்குறார். ரிடையர் ஆக இன்னும் ஒரு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்.”