ஏறாத முள்

"மறுபடியும் ஏற மாட்டேங்குது!"

வராந்தாவிலிருந்து ராஜமாணிக்கம் கத்தியதும், உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முள் ஏறாட்டி என்ன? நீங்க கூரை மேல ஏறுங்க. தகரம் ஒழுகுது, வாரக் கணக்கா சொல்றேன்."

"கூரை எங்கே போயிடும்? பிள்ளை காத்துட்டிருக்கா."

பிள்ளை காத்துக்கொண்டுதான் இருந்தாள். சந்திரமதி. கல்கத்தாவிலிருந்து வரும் ஏரோப்ளேன் போர்ட் பிளேரில் இறங்குவதைப் பார்த்த நாளிலிருந்து, தானும் பறந்தே ஆகணும் என்று ஒற்றைக் காலில் நின்றவள்.

மெயின்லேண்டுக்குக் கப்பலில் இடம் கிடைக்கவே தவம் கிடக்கிற குடும்பத்துக்கு ஏரோப்ளேன் ஏது? ராஜமாணிக்கம் கப்பல் வந்து நிற்கிற ஜெட்டியில் வயர்மேன். கப்பலில் சாமான் வந்த பெட்டிகளின் பலகையை அறுத்து, வராந்தாவிலேயே ஒரு விமானத்தின் மூஞ்சியைக் கட்டிவிட்டான். உடைந்த லாரி ஸ்டீயரிங் ஒன்று. உட்காரச் சாக்கு மெத்தை. எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய சாமான் விற்கிற கபாடிக் கடையில் கிடைத்த நிஜமான ஆல்டிமீட்டர். எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்று காட்டும் கடியாரம்.

அதன் முதுகில் சின்னதாக ஒரு மூக்கு. அதில் ரப்பர் டியூபை மாட்டி, மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சினால் முள் சரசரவென்று ஏறும்.

மகள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் மேல! இன்னும் மேல!" என்பாள். பலகைக்குப் பின்னால் குந்திக்கொண்டு இவன் கன்னம் ஒட்ட உறிஞ்சுவான்.

இறங்கிய பிறகுதான் இருக்கிறது கூத்து. சின்ன வயசிலிருந்தே அவனுக்கு இழுப்பு. மழைக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். "இன்னொரு தரம் மூச்சு அடைச்சா என் கையில இல்லை" என்று டாக்டர் கையை விரித்துப் பயமுறுத்தியிருந்தார்.

அன்றைக்கே பூங்கோதை மகளைப் பிடித்து உலுக்கினாள். "உனக்கு அப்பா வேணுமா, ஏரோப்ளேன் வேணுமா?"

அது அப்பா முகத்தைப் பார்த்தது. மறுநாள் சாயங்காலம், அவன் கூப்பிட்டதும் மெத்தையில் போய் உட்கார்ந்துகொண்டது. என்ன நெஞ்சழுத்தம் என்று பூங்கோதைக்கு வயிறு எரிந்தது.

அப்புறம்தான் முள் மக்கர் செய்ய ஆரம்பித்தது. உறிஞ்சினால் கொஞ்சம் ஏறும், பொத்தென்று விழும்.

கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். மூக்கைச் சுற்றி நூல் கட்டினான். மெழுகு உருக்கி அடைத்தான். ஒவ்வொரு தரமும் உறிஞ்சிப் பார்த்து இருமினான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயலட்சுமி எட்டிப் பார்த்தாள். "என்ன அண்ணே, ப்ளேன் கிளம்பலையா? கிளம்பினா எங்க வீட்டுக்காரரையும் ஏத்திட்டுப் போங்க. நான் நிம்மதியா இருப்பேன்."

"உனக்குச் சிரிப்பா இருக்கு ஜெயா. இங்கே நான் செத்துட்டிருக்கேன்" என்றாள் பூங்கோதை.

கடைசியில் டியூபைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, சைக்கிள் பஞ்சர் பார்க்கிற மாதிரி பக்கெட் தண்ணீரில் அமுக்கி ஊதினான்.

புளுபுளுவென்று குமிழி.

"ஒரு ஓட்டைன்னா ரப்பர் கெட்டதுன்னு விடலாம். வரிசையா இருக்கு பாரு. இது ஊசி." அவன் மெதுவாகத் திரும்பினான். "இந்த வீட்ல ஊசி யார் கையில இருக்கு?"

"என்னையா சொல்றீங்க?"

"உனக்குத்தானே முதல்லேர்ந்து இது ஆகலை?"

"ஆகலைதான். கடல்ல தூக்கிப் போடணும்னு இருக்கேன். ஆனா திருட்டுத்தனமா செய்ய மாட்டேன். எம் பிள்ளை மேல சத்தியம்!"

அவன் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் வேறு டியூப் கேட்கப்போவதாகச் சொல்லிக் குடையை எடுத்தான்.

"மழையில போகாதீங்க. ஏற்கெனவே இழுக்குது."

போயே விட்டான்.

பூங்கோதை ஆத்திரத்தில் அந்தச் சாக்கு மெத்தையைப் பிடுங்கி எறிந்தாள்.

அடியில் அவளுடைய ஊசி.

சந்திரமதி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நீயாடி? பறக்கணும் பறக்கணும்னு உயிரை வாங்கிட்டு, நீயே ஓட்டை போட்டியா?" கை ஓங்கிவிட்டாள்.

"அடிக்காதேம்மா... டியூபை உறிஞ்சினா அப்பாவுக்கு மூச்சு வரலை."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அதை வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? பறக்க வேணாம்னு சொல்லேன்!"

"வேணாம்னா அப்பா முகம் வாடிடுமே. எனக்காகத்தானே செஞ்சார்? அதுவா கெட்டுப்போனா யாரும் வேணாம்னு சொன்ன மாதிரி இருக்காதுல்ல?"

பூங்கோதை மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் விசில் சத்தம் முதலில் வந்தது. பின்னாலேயே ராஜமாணிக்கம். சொட்டச் சொட்ட நனைந்து, முகமெல்லாம் பல்லாக.

"கிடைச்சிடுச்சு கண்ணு! புது டியூப். இன்னைக்கு மேகத்துக்கு மேல போறோம்!"

"இங்கே கொடுங்க" என்று பூங்கோதை கையை நீட்டினாள். "முதல்ல தலையைத் துவட்டுங்க. நானே மாட்டி வைக்கிறேன்."

"நீயா?"

"பிள்ளை ஆசைப்படுறாள்ல."

அவன் வாயெல்லாம் சிரிப்பாகத் துண்டைத் தேடி உள்ளே போனான்.

பூங்கோதை முந்தானையில் செருகியிருந்த ஊசியை உருவினாள்.

"ஒண்ணு மட்டும் குத்தும்மா" என்று காதோடு சொன்னாள் சந்திரமதி. "நான் வரிசையா குத்தினதாலதான் அப்பா கண்டுபிடிச்சிட்டார்."