ஆறாவது பொன்னன்

"ஏனுங்க, எல்லா ஊர்லயும் மூணே நாள்ல பொட்டி திரும்பின படம், உங்க கொட்டாய்ல மட்டும் எப்படீங்க நாப்பது நாளா ஓடுது?"

காளியண்ணன் இதே கேள்வியை நான்காவது முறையாகக் கேட்டார். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் டூரிங் கொட்டகை நடத்தும் அர்த்தநாரி, டிக்கெட் கொடுக்கும் தடுப்புக்குள் உட்கார்ந்தபடி நான்காவது முறையாக விரல் விட்டு எண்ணினார்.

"மொதல்ல தெரைங்க. மாசம் ஒருக்கா நீலம் போட்டு வெளுக்கறனுங்க. அப்புறம் மணலு. பின்பக்கம் மேடாக் கொட்டினாத்தான் முன்னாடி இருக்கறவன் தலை மறைக்காது. அப்புறம்..."

"ஐயா சாமி! மணலைப் பாக்கவா சனம் காசு குடுத்து வருது?"

காளியண்ணன் படக் கம்பெனி மேனேஜர். 'புயல் பொன்னன்' வரிசையில் ஐந்து படங்கள் ஓஹோவென்று ஓடியவை. எட்டு வருடம் கழித்து, பொன்னனைக் குத்துச்சண்டை வீரனாக்கி ஆறாவது படம் எடுத்தார் முதலாளி. போன ஊரிலெல்லாம் ஜனங்கள் பாதியில் எழுந்து போனார்கள். இந்த ஊரைத் தவிர.

"என்ன காரணம்னு கண்டுபிடிச்சுட்டு வா. ஏழாவது பொன்னனை அப்படியே எடுப்போம். இல்லேன்னா கம்பெனியை மூடறேன், நீயும் வேற வேலை தேடிக்கோ" என்று முதலாளி அவரைச் சொல்லி அனுப்பியிருந்தார்.

பஸ் தாமதமானதில், காளியண்ணன் வரும்போதே மாலைக் காட்சி தொடங்கி வெகு நேரமாகியிருந்தது. தலையிலடித்துக்கொண்டு அர்த்தநாரியை விட்டுவிட்டு, ஆபரேட்டர் பரக்கத் அலியின் அறைக்குள் நுழைந்தார்.

"பாய், நீங்களாச்சும் சொல்லுங்க. இந்தப் படத்துல என்னதான் இருக்குது?"

"கார்பன் குச்சிங்க!" பரக்கத் அலி உற்சாகமானார். "மெஷின்ல வெளிச்சம் வரோணும்னா ரெண்டு குச்சியும் ஒட்டாமயும் வெலகாமயும் எரியோணும். கொஞ்சம் வெலகினாப் படம் மஞ்சளடிச்சுரும். அதை நகத்திக்கிட்டே..."

"கதையைக் கேக்கறன் பாய், கதையை!"

"நானு குச்சியப் பாப்பனா, கதையப் பாப்பனா?"

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்த காளியண்ணன், கூட்டத்தோடு மணலில் உட்கார்ந்தார். திரையில் பொன்னன் எதிராளியை வெளுத்துக்கொண்டிருந்தான்.

"உடாதீங்கண்ணா! தாடையில போடுங்க!" என்று ஒருவன் துண்டைச் சுழற்றினான்.

எதிராளி விழுந்தான். நடுவர் பத்து எண்ணினார். பொன்னனின் கை உயர்ந்தது. விசில் கொட்டகையைப் பிய்த்தது. 'இடைவேளை' என்று எழுத்து விழுந்தது.

இதுவரைக்கும் எல்லா ஊரிலும் விசில்தான். இனிமேல்தான் பொன்னன் அடி வாங்கி, ஒரு கண் போய், ஊர் சிரிக்க ஓடிப்போவான். அதற்கும் இந்த ஜனங்கள் எப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்? காளியண்ணன் சம்மணம் போட்டுக் காத்திருந்தார்.

ஜனங்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். தூங்கிய பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிப்பும் பேச்சுமாக வெளியேறினார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை. பரக்கத் அலி மெஷினுக்குத் துணி போர்த்தினார்.

"பாய்! மிச்சப் பாதி என்னாச்சு?" என்று காளியண்ணன் ஓடினார்.

"அதைத்தான் மொதல்லயே ஓட்டியாச்சுங்களே" என்றார் பரக்கத் அலி பொறுமையாக. "பஸ்ல இருந்து எறக்கறப்ப ரெண்டு பொட்டியில எது மேல இருக்குதோ, அதைத்தான் மொதல்ல மாட்டறது எங்க வழக்கமுங்க."