கம்பிகளுக்கு நடுவே

ஐப்பசி பிறந்து பாதியும் கழிந்தது. முகில் எழும் திசை நோக்கித் திருச்சுழிச் சீமை முழுதும் அண்ணாந்து நின்றது. விதைத்த சோளம் மண்ணுக்குள்ளேயே வெந்தது. கண்மாயின் வெடிப்புகளில் கொக்கும் இறங்கவில்லை. இறைவனின் கருணையெனப் பொழிய வேண்டிய மாதம், அவன் மௌனமென நீண்டு கிடந்தது.

அந்த வெயிலில் கம்பெனி ஜீப் வந்து நின்றது.

மறு அளவைக்காகப் பெட்டியோடு இறங்கிய எஞ்சினியர் சௌடப்பன் திடுக்கிட்டான். சென்ற மாதம் அவன் இரும்புக் கம்பி அறைந்த இடத்தில், ஆளுயரத்துக்கும் ஆழமாக ஒரு குழி வாய் பிளந்திருந்தது.

நிலத்துக்காரன் உக்கிரபாண்டி குழியிலிருந்து ஏறி வந்து, மண் அப்பிய முகத்தோடு சிரித்தான்.

"நீங்க வாயத் தொறக்காட்டி எங்களுக்குத் தெரியாதாக்கும்? கம்பி அடிச்ச ஓட்டைய வச்சே தண்ணி எடத்தப் பிடிச்சிட்டோம்ல, சார்!"

"பிடிச்சாரு, கல்லத்தான் பிடிச்சாரு" என்றாள் அவன் மனைவி வெள்ளைத்தாய். மண்கூடையை இறக்கிவிட்டுச் சௌடப்பனை ஏறிட்டாள். "ஏன் சார், இருந்த தண்ணியவும் அந்தப் பொட்டிக்குள்ள அடைச்சுத் தூக்கிட்டுப் போயிட்டீகளா?"

சௌடப்பன் பெட்டியைத் தரையில் வைத்தான். பதில் சொல்லக் கூடாது.

அந்தக் கம்பெனியில் ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியார். கம்பி நடுபவனுக்குக் கருப்புத் துணி மூடிய பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. பெட்டியின் முள்ளைப் பார்த்து எண்ணைக் குறிக்கும் சௌடப்பனுக்கு அந்த எண்ணின் பொருளைச் சொன்னாரில்லை. பொருள் அறிந்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். அருப்புக்கோட்டையில் இருந்த மனைவி நாகமணியோ, தன் கணவன் பம்புசெட்டு விற்பதாகவே எண்ணியிருந்தாள். உறக்கத்தில் எதையேனும் பிதற்றிவிடுவோமோ என்று அஞ்சி, அவன் தனியே பாய் விரித்துப் படுப்பான்.

ஆயினும் கண்ணைக் கட்ட எவராலும் முடியவில்லை. எங்கெல்லாம் முள் சாய்ந்ததோ, அங்கெல்லாம் ஓராண்டுக்குள் கம்பெனி நிலம் வாங்கியது. வாங்கிய நிலத்தில் தோண்டியதும் நீர் பொங்கியது.

இந்த நிலத்திலும் முள் சாய்ந்திருந்தது.

ஆனால் முள் சொல்லும் நீர் கிடப்பது கம்பிகளின் அடியிலன்று. வரிசையாய் நட்ட கம்பிகளுக்கு நட்டநடுவில். அங்கே எந்த அடையாளமும் இராது. உக்கிரபாண்டி தோண்டியதோ கடைசிக் கம்பியின் ஓட்டையை. அதன் கீழே பாதாளம் வரை பாறை.

"வெள்ளிக்கெழமைக்குள்ள ஈரம் தெரியாட்டி, நெலத்த ஒங்க கம்பெனிக்கே எழுதித் தாரேன்னு ஊர்க்காரக முன்னால இவரு வாக்குக் குடுத்திட்டாரு" என்றாள் வெள்ளைத்தாய். அவள் குரலில் இப்போது ஏளனம் இல்லை. "அப்புறம் நாங்க எங்க போறது, சார்?"

நாளை வெள்ளி.

ஜீப்பிலிருந்து காசிராஜன் கூப்பிட்டார். அளவைக்குச் செல்லும் ஒவ்வொரு எஞ்சினியரோடும் கம்பெனி ஒரு காவலாளரை அனுப்பும்; இவனுக்கு அவர்.

"சௌடப்பா! அங்க என்ன பேச்சு? அளவும் வேணாம், ஒண்ணும் வேணாம். பொட்டியத் தூக்கிட்டு வந்து ஏறு. ஒரு சொல்லு வெளிய போச்சு, இன்னையோட ஒனக்குச் சீட்டுக் கிழிஞ்சிரும்!"

சௌடப்பன் பெட்டியைத் தூக்கினான். ஜீப் வரை நடந்து பெட்டியைப் பின்னிருக்கையில் வைத்தான். வைத்த கையை எடுக்க இயலாமல் நின்றான். பாறையை இடிக்கக் குழிக்குள் மீண்டும் இறங்கிய உக்கிரபாண்டியின் கடப்பாரை, டங் டங் என்று சௌடப்பனின் நெஞ்சிலேயே விழுந்தது.

சட்டெனத் திரும்பி நடந்தான்.

"ஏம்மா, கெணறு தோண்ட மொதல்ல பிள்ளையார் பிடிச்சு வச்சீகளா?"

"எங்கிட்டு? ஒங்களுக்குத் தெரியாம தோண்டணும்னு அவசரத்துல எறங்கினாரு."

"கலயத்துல தண்ணி இருக்கா?"

அவள் தயங்கினாள். அடியில் கிடந்தது ஒரு வாய் நீர். கலயத்தை நீட்டினாள்.

சௌடப்பன் செருப்பைக் கழற்றினான். குழியை நோக்கி அவன் போகவில்லை. வெற்றுக் கரிசலில் கம்பிகள் நின்ற வரிசையை மனத்தால் பற்றிக்கொண்டு நடந்தான். நடுவில் நின்றான். மண்டியிட்டு, நீரை மண்ணில் வார்த்துப் பிசைந்து பிள்ளையார் பிடித்தான். பஞ்சத்திலும் வாடாத எருக்கின் பூவொன்றைப் பறித்து அவர் முடியில் சூட்டினான்.

அந்த நாட்டில் கிணறு வெட்டுவோர், முதற் கடப்பாரை விழ வேண்டிய இடத்தில்தான் பிள்ளையாரை அமர்த்துவர்.

குழியிலிருந்து ஏறி வந்த உக்கிரபாண்டி கூவினான். "என்ன சார் அங்க போயி... குழி இங்கல்ல இருக்கு!"

"சும்மா இருங்க" என்று வெள்ளைத்தாய் அவன் கையை இறுகப் பற்றினாள். அவள் கண் பிள்ளையாரை விட்டு அகலவில்லை.

கம்பிகளின் நடு எதுவென்று காசிராஜனுக்கும் தெரியும்.

சௌடப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு உறுப்பும் மண்ணில் தோய விழுந்து வணங்கினான். பாடிப் பழகிய பதிகங்களில் ஓர் அடியும் நாவுக்கு வரவில்லை. 'அப்பனே, அப்பனே' என்பது மட்டுமே வந்தது. பதிந்த நெற்றியின் வழியே ஜீப் உறுமுவதைக் கேட்டான். அது நகர்வதையும் கேட்டான். பின் நிலம் அமைதியானது.

எழுந்தபோது, ஜீப் நின்றிருந்த இடத்தில் அவனது துணிப்பை மட்டும் புழுதியில் கிடந்தது.

வெள்ளைத்தாய் வந்தாள். பிள்ளையாரின் காலடியில் இருந்த ஈரமண்ணைத் தொட்டு அவன் நெற்றியில் இட்டாள்.

"ஒரு வாய்த் தண்ணிக்கு நீங்க ஒருநாளும் தவிக்கக் கூடாது, தம்பி."