பக்கத்து சீட்டு வாடை

“இந்த அம்மாவிடம் கருவாடு இருக்கிறது. ஒன்று இவர் எழுந்து போக வேண்டும், இல்லையென்றால் நான்” என்று சுந்தர்சிங் விமானப் பணிப்பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

சுந்தர்சிங் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அருமனையில் கருவாட்டுக் குழம்பு தின்று வளர்ந்த உடம்புதான். ஆனால் தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்த அன்றே, இனி வீட்டுக்குள் கருவாடு நுழையக் கூடாது என்று மனைவி நேசபாய்க்கு உத்தரவு போட்டுவிட்டார். பதவி இறங்கிய பிறகும் அந்த மூக்கு மட்டும் இறங்கவில்லை.

பக்கத்து சீட்டில் இருந்தவள் பேபி. கழுத்தில் ஜெபமாலை, காலில் ரப்பர் செருப்பு, மடியில் ஒரு துணிப்பை. “கடப்புறத்து ஆளா?” என்று திருவனந்தபுரத்திலேயே விசாரித்திருந்தார். “ஆமா சாரே, குறும்பனை” என்று அவள் சொன்னதும் விசாரணையை முடித்துக்கொண்டார். மீன்பிடிக்கிற ஊர்க்காரியிடம் அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

வளைகுடாவில் விமானம் மாறும்போது, லண்டனுக்கு எந்த வாசல் என்று தெரியாமல் அவர் விழித்ததும், பேபிதான் நாலு பேரைக் கேட்டு அழைத்துப் போனதும், அவர் கழிவறைக்குப் போன நேரத்தில் அவருடைய பையையும் சேர்த்து மடியில் வைத்துக் காத்திருந்ததும் வேறு விஷயம். அந்த மாதிரி விஷயங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை.

பணிப்பெண் மலையாளி. பேபியிடம் குனிந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். பேபி சுந்தர்சிங்கைப் பார்த்தாள். தலைக்கு மேலே பைகள் வைக்கிற இடத்தைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

“முட்டு மடங்காது மோளே. அதான் கால் நீட்டுத மாதிரி இந்த சீட்ட எனக்க மவன் கேட்டு வாங்கித் தந்தான்.”

“பின்னால ஒரு சீட்டு இருக்கு அம்மச்சி. ஆனா அங்க கால் நீட்ட முடியாது.”

“செரி, போட்டு. சாருக்கு மனசு கஷ்டப்படாண்டாம்” என்று பேபி எழுந்தாள். ஒவ்வொரு சீட்டையும் பிடித்துப் பிடித்து அவள் நொண்டிப் போவதைச் சுந்தர்சிங் திருப்தியோடு பார்த்தார். பிடிபட்டவர்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் நழுவுவார்கள் என்பது அவருடைய சர்வீஸ் அனுபவம்.

காலை நீட்டிக்கொண்டு மகளைப் பற்றி யோசித்தார். லண்டனில் நர்ஸாக இருக்கும் பெமிலா மாசமாக இருக்கிறாள். எதைத் தின்றாலும் வாந்தி. ஸ்கைப்பில் எலும்பும் தோலுமாக அவளைப் பார்த்த பிறகு, இவருக்கு ஊரில் இருப்புக் கொள்ளவில்லை. நேசபாய் பிரசவத்துக்கு வருவதாக ஏற்பாடு.

கொஞ்ச நேரத்தில் குளிர் எடுத்தது. “ஸ்வெட்டரு மேலேயே இருக்கு. அடியில கையப் போட்டுக் கலைக்காதீங்க, மோளுக்கு உள்ளது மடிச்சு வச்சிருக்கேன்” என்று நேசபாய் சொல்லி அனுப்பியிருந்தாள். மேலேயிருந்து பையை இறக்கி ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு, பையைத் திரும்ப மேலே வைத்தார்.

மறுபக்கத்து சீட்டில் இருந்த வெள்ளைக்காரர் கம்பளியை மூக்கு வரை இழுத்துக்கொண்டார். சுந்தர்சிங்குக்கு அவமானமாக இருந்தது. அவள் கடைசி வரிசைக்குப் போயும் வாடை இங்கே வரைக்கும் அடிக்கிறதே! நம் மாவட்டத்துக்கே கெட்ட பேர் என்று நொந்துகொண்டார்.

லண்டனில் விமானம் நின்றதும், தப்பித்தோம் என்று முதல் ஆளாக இறங்கி ஓடினார். வெளியே பெமிலா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நேரில் இன்னும் மெலிந்திருந்தாள்.

“பக்கத்துல ஒரு கடப்புறத்துக்காரி, மக்கா. கருவாட்டக் கெட்டிக்கிட்டு பிளேன் ஏறியிருக்கா. எழுப்பிப் பின்னால வெரட்டிட்டேன். நாகரிகம் தெரியாததுவ” என்று சிரித்தார்.

பெமிலா சிரிக்கவில்லை. அவருடைய கையைப் பார்த்தாள், தள்ளுவண்டியைப் பார்த்தாள். “கைப்பை எங்கப்பா?”

சுந்தர்சிங் தானும் தேடினார். ஸ்வெட்டர் உடம்பில் இருந்தது. பை விமானத்திலேயே இருந்தது.

“அதுலதான் அம்மா எனக்குத் தின்ன ஒண்ணு வச்சிருக்கா. வேற எதும் எறங்கல்லப்பா. அது வருதுன்னு நெனச்சுத்தான் ரெண்டு நாளா உசுரோட இருக்கேன்.” பெமிலாவின் கண் நிறைந்துவிட்டது.

திரும்ப உள்ளே ஓடப் போனவரை ஒரு காவலர் கையைக் காட்டித் தடுத்தார். தாசில்தார் என்று சொன்னால் எடுபடுகிற இடமாக அது தெரியவில்லை. பிள்ளை பசியோடு நிற்கிறாள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது என்று புரியாமல் நின்றார்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சக்கர நாற்காலி வந்தது. வீங்கிய முழங்காலோடு பேபி உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு பைகள் இருந்தன. அதில் ஒன்றைப் பெமிலாவிடம் நீட்டினாள்.

“எல்லாரும் எறங்குன பெறவுதான் என்னைய எறக்குனாங்க. இது மேலேயே கெடந்துது மோளே.”

பெமிலா அதை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சுந்தர்சிங்குக்கு நன்றி என்ற வார்த்தை வாயில் வரவில்லை. பழைய தாசில்தார் குரல்தான் வந்தது.

“இது எனக்க பைன்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

பேபி சொன்னாள்: “வாடைய வச்சுத்தான், சாரே.”