மூன்றாவது சட்டை

கட்டிலில் உட்கார்ந்திருந்த கருணாகரனின் முன்னால், கைக்கு ஒன்றாக இரண்டு சட்டைகளை விரித்துப் பிடித்தபடி குந்தியிருந்தான் ஜெபராஜ். கருணாகரனைப் பார்த்துக்கொள்ள அன்றைக்குத்தான் வேலைக்கு வந்திருந்தான். "எதைப் போட்டுக்கறீங்க சார்?" மீசை நரைக்கத் தொடங்கிய வயதிலும் மனவளர்ச்சி போதாத அந்த மனிதனை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. எது வேண்டும் என்று கேட்டதுமில்லை.

"நீலத்தையே போட்டு விடுப்பா, தோசைக்கல்லு காயுது. அவனுக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா கோமளம். மகனுக்காகத் தானே பதில் சொல்லிப் பழகிய வாய்.

"அவரே சொல்லட்டும்மா."

ஜெபராஜுக்குக் கை கடுக்க ஆரம்பித்தது. ஆனாலும் அவன் சட்டைகளை இறக்கவில்லை. கோமளத்துக்குப் பொறுமை போய்விட்டது. அந்த நேரம் பார்த்துக் கருணாகரனின் விரல் மெல்ல எழுந்து, இரண்டு சட்டைகளையும் தாண்டிப்போய் ஜெபராஜின் மார்பைத் தொட்டது.

"இது."

ஜெபராஜ் தான் போட்டிருந்த சிவப்புச் சட்டையைக் குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டே பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான்.

சாப்பிட உட்கார்ந்தபோது நீலச் சட்டை ஜெபராஜின் மேல் தொளதொளவென்று தொங்கியது. அவன் தோசையில் கோமளம் நெய்யை அள்ளி ஊற்றினாள். பிறகு மகனிடம் திரும்பி, "இன்னொண்ணு வேணுமா கருணா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கையில் தோசைத் திருப்பியோடு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் கருகும் வாசனை வந்தது. அவள் திரும்பவில்லை.