பவுனம்மாளுக்கு பிரஷர் இல்லை

"சத்தியமா சொல்றேன் டாக்டரம்மா, பிரஷர் மாத்திரைய நான் நாக்குல வெச்சதே இல்ல."

பவுனம்மாள் கட்டிலில் படுத்தபடியே சத்தியம் செய்யக் கையை நீட்டினாள். அந்தக் கையில்தான் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பாதியிலேயே இறக்கிக்கொண்டாள்.

டாக்டர் மணிமொழிக்கு மண்டை காய்ந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டில், மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷலில் எலுமிச்சம்பழக் கூடையை ஏற்றிவிட்டுத் தானும் ஏறப்போன பவுனம்மாள் படியிலேயே சுருண்டு விழுந்திருக்கிறாள். கொண்டுவந்து போட்டபோது பிரஷர் அதல பாதாளத்தில் கிடந்தது. நெஞ்சுச் சளிக்கு இரண்டு நாள் முன்னால் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தது இதே டாக்டர்தான். வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அன்றைக்கே கேட்டார். இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னதும் இதே பவுனம்மாள்தான்.

"இந்த ஆன்டிபயாட்டிக் தனியா இப்படிப் பண்ணாதும்மா. ஒரு சில பிரஷர் மாத்திரை உடம்புல இருந்தா, அத உடம்ப விட்டுப் போக விடாம நிறுத்தி வெச்சிடும். ஒரு மாத்திரை நாலு மாத்திரை வேலை செய்யும். அப்போதான் இந்த மாதிரி விழுவாங்க. உங்க கால் வேற வீங்கியிருக்குது. அதுவும் அந்த மாத்திரையால வரும்."

"அது நின்னுக்கினே யாவாரம் பண்றதால. பிரஷரு எனக்கில்ல, அவருக்கு."

கதவோரம் நின்றிருந்த அவள் புருஷன் பச்சமுத்து முறைத்தான்.

"எனக்கு ஒரு நோவும் இல்ல மேடம். கேம்ப்புல கைய கட்டிப் பாத்துட்டு என்னமோ எழுதிட்டாங்க. மாசாமாசம் ஒரு பொண்ணு வூட்டுக்கே வந்து மாத்திரைய குடுத்துட்டுப் போவுது. ஒருவாட்டி ஆரம்பிச்சா பாடையில போற வரைக்கும் உடாதுன்னு நான் தொடறதே இல்ல."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனுஷன். அவனிடம் யார் பேசி ஜெயிப்பது?

டாக்டர் பவுனம்மாள் பக்கம் திரும்பினார். "காரணம் தெரியாம உங்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கிட்னி போயிடும். உயிரே போனாலும் போயிடும்."

பவுனம்மாள் புருஷனிடம், "யோவ், சூடா ஒரு டீ வாங்கினு வா" என்றாள்.

அவன் தலை மறைந்ததும் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த மாத்திரையெல்லாம் நான்தான் நுணுக்கி, தெனமும் காலையில அவரு கூழுல கலந்து குடுக்கறேன்."

"அவருக்குத் தெரியாமலா?"

"தெரிஞ்சா குடிப்பாரா? அவங்க அண்ணன் இதே பிரஷருல கை கால் இழுத்துக்கினு ரெண்டு வருசம் கெடந்து செத்தாரு. பீ மூத்திரம் அள்ளினது நான்தான். இந்த ஆளும் அப்படி கெடந்தா என்னால தாங்க முடியாது டாக்டரம்மா. ஆனா என் வாயில ஒரு பொட்டு போனதில்ல. மாரியாத்தா மேல ஆணை."

"அவர் முழுசா குடிக்கிறாரா?"

"நான் கொல்லைக்குப் போயி பச்ச மெளகா பறிச்சினு வர்றதுக்குள்ள சொம்பு காலியா கெடக்கும்."

பச்சமுத்து டீயோடு வந்தான். டாக்டர் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, வேண்டாம் வேண்டாம் என்றவன் கையில் பட்டையைச் சுற்றினார். அளவைப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் சுற்றிப் பார்த்தார்.

"நூத்தித் தொண்ணூறு. மாத்திரையே போடாத ஆளு மாதிரில்ல இருக்குது?"

"நான்தான் போடறதில்லன்னு சொல்றேனே" என்றான் பச்சமுத்து, ஜெயித்துவிட்ட முகத்தோடு.

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் உடைத்தே சொல்லிவிட்டார். "உங்க கூழுல தினமும் மாத்திரை கலந்துதான் கொடுத்திருக்காங்க. ஆனா உங்களுக்கு இறங்க வேண்டிய பிரஷர் இவங்களுக்கு இறங்கியிருக்குது. அது எப்படின்னுதான் புரியல."

வசவு விழப்போகிறது என்று பவுனம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வசவு விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பச்சமுத்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவளுடைய வீங்கிய காலைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

"கெட்டியெல்லாம் எனக்கு ஊத்திட்டு நீ பானைய கழுவுன தண்ணியத்தானே குடிப்ப" என்றான். "அதான் நீ மெளகா பறிக்கப் போற நேரத்துல, மேலாக்க ரெண்டு முழுங்கு குடிச்சிட்டு, அடியில இருக்கறதையெல்லாம் தெனமும் உன் பானையிலயே ஊத்திடுவேன்."